தலைக்கட்டில் இல்லாத பெயர்

பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்க ஊர் வகுத்த முறைக்குப் பெயர் பாடு. இன்ன இடம், இன்ன நாள், இன்னார் வலை என்று பங்கு பிரித்துக்கொள்வார்கள். கோட்டைக்குப்பம் உள்ளிட்ட, பட்டினவர் என்னும் மீனவர் சமூகத்தின் குப்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வரும் ஏற்பாடு இது. சண்டை வராமல் ஏரியைப் பகிர்ந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பங்கு கிடைப்பது ஆண்களுக்கு மட்டும்தான்.

வரலாற்றாசிரியர் மைதிலி ஸ்ரீனிவாஸ் 2008-இல் ஆங்கிலத்தில் எழுதிய, மனைவியர், விதவையர், ஆசைநாயகியர் பற்றிய நூலைப் படித்தபோது இந்தக் குப்பங்கள்தான் என் கண்முன் நின்றன. ஜமீன் வீட்டு வாரிசு வழக்குகள், பெண்கள் பத்திரிகைகள், சுயமரியாதைத் திருமணங்கள் ஆகியவற்றின் வழியே, தமிழ்க் குடும்பம் கணவன் மனைவி உறவை மையமாக வைத்து எப்படி மாறியது என்று காட்டுகிறார். சொத்து யாருக்கு என்ற கேள்வி நூல் நெடுக வருகிறது.

1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சம சொத்துரிமை கேட்டது. 1937-இல் விதவைக்குக் கணவன் சொத்தில் வரம்புக்குட்பட்ட உரிமை கிடைத்தது. மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாடு சட்டம் செய்தது 1989-இல். அத்தனையும் குடும்பச் சொத்துக்கு. ஏரித் தண்ணீருக்குப் பட்டா ஏது? பாடு ஊர் வழக்கம். அங்கே மகள் எந்தச் சட்டத்தைக் காட்டிப் பங்கு கேட்பாள்?

இத்தனைக்கும் குப்பத்தில் காசு புழங்குவது பெண்கள் கையில். படகு கரை தட்டியதும் மீனைத் தரம் பிரித்து, ஐஸ் போட்டு, கூடையைத் தலையில் ஏற்றிச் சந்தைக்குப் போகிறவர்கள் அவர்கள். இதே ஏரியில் இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். அவர்களுக்குப் பாடும் இல்லை, படகும் இல்லை.

ஊர்க் கணக்கில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2004 சுனாமி காட்டியது. தமிழகக் கடலோரத்தில் பல ஊர்களில் நிவாரணப் பட்டியல் தலைக்கட்டு வரிசைப்படி, அதாவது ஆணைத் தலைவனாக வைத்து ஊர் எண்ணும் குடும்பங்களின் வரிசைப்படி போனது. கணவனை இழந்தவர்கள், தனித்து வாழ்ந்தவர்கள் பலர் விடுபட்டார்கள்.

ஜமீன் வீட்டுப் பெண்ணுக்கு வழக்குக் கட்டாவது மிஞ்சியது. மீன்கார ஆயாவுக்கு அவள் நினைவுதான் ஆவணம். பழவேற்காட்டுப் பக்கம் உறவு உள்ள மாணவர்களே, எழுபது தாண்டிய ஒரு பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். இந்த விடுமுறையிலேயே செய்யுங்கள்.