கையும் காலும் சும்மா இருக்கலாமா?

"பேரு வெட்டியாச்சு. இனி எனக்கென்ன வேலை? மூலையில கெடக்க வேண்டியதுதான்." லயத்தில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. முப்பது, நாற்பது வருடம் கொழுந்து பறித்த கை திடீரென்று சும்மா இருந்தால் விரல் விறைத்துப்போகும். மலை ஏறி இறங்கிய கால் இஸ்தோப்பிலேயே முடங்கினால் சீனி வியாதியும் பிரஷரும் கூடும். இவற்றைவிடப் பொல்லாத நோய், "நான் யாருக்கும் பிரயோசனமில்லை" என்ற எண்ணம்.

இதற்கு நல்ல மருந்தை நயினாதீவுப் பக்கம் பார்க்கலாம். குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறி, ஆனி மாதத்தில் நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்குப் போய் வந்தவர்களுக்கு இந்தத் தீவு தெரியும். மலையே இல்லாத மண், எங்கும் பனை. அந்தத் தீவுப் பகுதிகளில் வயதான பெண்கள் கையோடு வளர்ந்த தொழில் பன்னவேலை. குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, வேண்டியதற்குச் சாயம் ஏற்றிப் பெட்டி, கடகம், நீத்துப்பெட்டி, பாய் என்று இழைப்பார்கள். பிளாஸ்டிக் கூடை வந்தபின் விற்பனை குறைந்தது உண்மை. ஆனாலும் பேச்சும் சிரிப்புமாகக் கூடி இருந்து இழைக்கும்போது விரலும் மனமும் உறங்குவதில்லை.

நம் மலையில் பனை இல்லை. ஆனால் ஊசியும் நூலும் உண்டு. ஓலை இழைப்பதும் குறுக்குத் தையலும் ஒருவகையில் அக்கா தங்கைதான். இரண்டும் கட்டம் எண்ணிச் செய்யும் வேலை.

தொடங்குவது லேசு. கழுவிக் காயவைத்த சணல் சாக்குத் துண்டு ஒன்று, முனை மழுங்கிய பெரிய ஊசி ஒன்று, பிரித்தெடுத்த பழைய ஸ்வெட்டர் கம்பளி நூல் கொஞ்சம் போதும். சாக்கின் இழை பெரிது என்பதால் மங்கிய கண்ணுக்கும் ஓட்டை தெரியும். பிள்ளைகளின் சதுரரூள் கொப்பியில் பூவோ கிளியோ கட்டம் கட்டமாக வரைந்துகொள்ளுங்கள். முதலில் ஒரு வரிசை முழுதும் சாய்வாகத் தைத்துப் போங்கள். திரும்பி வரும்போது அவற்றைக் குறுக்கே வெட்டித் தையுங்கள். பெருக்கல் அடையாளம் போல விழும். மேலே வரும் நூல் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் அழகு. பகல் வெளிச்சத்தில் தையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை கண்ணை எடுத்துத் தூரத்து மலையைப் பாருங்கள். கண்ணில் புகை படர்ந்தது போலிருந்தால் "வயசு போச்சு" என்று விட்டுவிடாதீர்கள். வெண்படலமாக இருக்கலாம், அரசாங்க ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில் காட்டுங்கள்.

அடுத்தது நடை. உலக சுகாதார நிறுவனம் 2020 இல் சொன்ன கணக்குப்படி, முதியவர்களுக்கும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது உடலசைவு வேண்டும். தினம் அரை மணி, வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் கணக்குச் சரி. தீவில் வெயிலுக்கு முன் காலையில் நடந்துவிட வேண்டும்; இங்கே மூடுபனி கலைந்த பின் நடப்பது நல்லது. "வேலைக்கு நடந்தது போதாதா?" என்று கேட்பீர்கள். அன்று முதுகில் கூடை, மனதில் கிலோக் கணக்கு. இன்று பூவைப் பார்த்து, ஓடையைக் கேட்டு, உங்கள் வேகத்தில் நடக்கலாம்.

ஆனால் கவனம் வேண்டும்:

1. தனியே போகாதீர்கள்; கையில் தடி இருக்கட்டும்.
2. தேயிலைக்குள் இறங்காமல் ரோட்டிலேயே நடவுங்கள். குளவிக் கூடு உள்ள பக்கம் போகவே வேண்டாம்.
3. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கஷ்டம். சமமான வழியைத் தேர்ந்தெடுங்கள்.
4. நெஞ்சு அடைத்தாலோ தலை சுற்றினாலோ உடனே உட்காருங்கள். நெஞ்சுவலி என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இளையவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பல வீட்டில் பாட்டிக்கு வேலை ஓய்ந்தது பெயரளவில்தான். அடுப்பும் பேரப்பிள்ளையும் அவர் தலையில். நாளுக்கு ஒரு மணி நேரமாவது அவருக்கென்று விடுங்கள். பேத்தி ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கட்டும். பாட்டி தையல் சொல்லிக் கொடுக்கட்டும். தாத்தாமாரும் வெட்கப்பட வேண்டாம். கவ்வாத்துக் கத்தி பிடித்த கைக்கு ஊசி பிடிக்கத் தெரியாதா என்ன!