மக்காச்சோளத்திலிருந்து எரிசாராயம்

2023 பிப்ரவரி 6-ஆம் நாள் பெங்களூரில், நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோலின் விற்பனை தொடங்கி வைக்கப்பெற்றது. பெட்ரோலில் எரிசாராயம் கலப்பது நமக்குப் புதிதன்று. 1948-லேயே இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. அந்நாளில் மூலப்பொருள் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு. இன்றோ, கர்நாடகத்தில் தாவணகெரே, ஹாவேரி முதலிய மாவட்டங்களில் மிகுதியாக விளையும் மக்காச்சோளமும் வடிசாலைக்குச் செல்கிறது.

பாகிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் நேரே சாராயமாக்கிவிடும். தானியத்திலிருப்பதோ மாவுச்சத்து. ஆகவே தானியத்தை அரைத்து, நீரில் வேகவைத்து, அமிலேஸ் என்னும் நொதியால் சர்க்கரையாக மாற்றிய பின்னரே புளிக்க வைத்தல் வேண்டும். (முளைகட்டிய கேழ்வரகு இனிப்பதும் இந்நொதியாலேயே என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்குச் சுட்டலாம்.) பின்னர் வடித்து, எஞ்சிய நீரையும் அறவே நீக்குவர். ஒரு டன் மக்காச்சோளம் ஏறத்தாழ 380 லிட்டர் எத்தனால் தரும். மிஞ்சும் சக்கை கால்நடைத் தீவனமாகும்.

எத்தனால் எரியும்போது வெளிவரும் கரியமில வாயு, பயிர் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதே. இவ்வளவில் கணக்கை முடித்துவிடுவோர் பலர். ஆயின் யூரியா செய்வதற்கும் எரிபொருள் செலவாகிறது. வடிசாலைக் கொதிகலனுக்கும் செலவாகிறது. அக்கொதிகலனில் நிலக்கரியை எரித்தால், பெற்ற நன்மையின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும். பயிர்க்கழிவை எரித்தால் நன்மை நிலைக்கும். மேலும், ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரு பங்கு வெப்பமே உண்டு.

உணவின் கணக்கு இன்னும் கடுமையானது. 2023 ஜூலையில் இந்திய உணவுக் கழகம் எத்தனாலுக்கு அரிசி வழங்குவதை நிறுத்தவே, வடிசாலைகள் மக்காச்சோளத்தை நாடின. 2024-இல் நாடு அதனை வெளியிலிருந்து வாங்க நேர்ந்தது. கோழித் தீவனத்தின் விலையேற்றத்தைப் பண்ணையாளர் அப்போதே உணர்ந்தனர்.