மார்பில் எழுதிய கடைப்பெயர்

கல்முனைக் கரையோரத்தில் ஒரு கிரிக்கெட் சுற்றுப்போட்டி முதல் பந்தோடு தொடங்குவதில்லை. அதற்குச் சில நாட்கள் முன்பே, ஒரு மண்டபத்திலோ உணவகத்தின் மேல்மாடியிலோ 'ஜேர்சி அறிமுக விழா' என்ற பெயரில் அது தொடங்கிவிடுகிறது. குர்ஆனிலிருந்து கிறாஅத் ஓதப்படும். கழகத் தலைவர் வரவேற்றுப் பேசுவார். பிரதம அதிதி பொலித்தீன் உறையைப் பிரித்து மேற்சட்டையை உயர்த்திப் பிடிப்பார்; வீரர்கள் இரு பக்கமும் நெருக்கியடித்து நிற்பார்கள். அன்றிரவே படங்கள் முகநூலில் ஏறிவிடும். மைதானத்தில் இன்னும் ஒருவரும் ஓர் ஓட்டம்கூட எடுக்கவில்லை. ஆனால் சட்டைக்குக் காசு கொடுத்த கடைக்காரருக்கு, அவர் போட்ட முதலில் பாதிக்கு மேல் அப்போதே திரும்பிவிட்டது.

கொழும்பிலிருந்து வரும் ஏ4 நெடுஞ்சாலை பொத்துவிலில் கரையோரத்தை எட்டி வடக்கே திரும்புகிறது. அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று ஊர்கள் அதன் இரு பக்கமும் கோர்த்தாற்போல வருகின்றன. கிழக்கே கடல், மேற்கே வயல்; நடுவே ஒடுங்கிய ஒரு நிலத்துண்டு. வடபாதியில் ஓர் ஊர் முடிவதும் அடுத்த ஊர் தொடங்குவதும் பெயர்ப்பலகையைப் பார்த்தால்தான் தெரியும். இந்த நெருக்கத்தில் விளையாட இடம் கிடைப்பதே அபூர்வம். கல்முனைக்குச் சந்தாங்கேணி, சாய்ந்தமருதுக்கு வொலிவேரியன் என்று ஊருக்கு ஒரு மைதானத்தைச் சொல்லலாம். மிச்சமெல்லாம் பாடசாலை வளவும் கடற்கரை மணலும்தான்.  

மைதானம் ஒன்று, கழகங்கள் பல. எல்லாரும் விளையாட வேண்டுமானால் ஆட்டம் சுருங்கத்தான் வேண்டும். ஓர் இன்னிங்ஸுக்கு ஐந்து, ஆறு, பத்து ஓவர்கள். தோற்ற அணி உடனே வீட்டுக்குப் போகும் விலகல் முறை. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு தொடங்கி, பொழுது சாயும் மஃரிபுக்கு முன் முடிகிற கணக்கில் ஆட்டங்கள் அமைகின்றன. நோன்பு மாதம் வந்தால் இந்த நேரசூசி தலைகீழாகிவிடும். தராவீஹ் தொழுகை முடிந்து, மின்விளக்குக் கம்பங்களின் கீழே நள்ளிரவு தாண்டியும் ஆட்டம் நடக்கும். கராச்சியின் தெருக்களிலும் நோன்பு இரவு என்றால் கிரிக்கெட்தான். அங்கே டென்னிஸ் பந்தின் மேல் மின்சாரக் கம்பிக்குச் சுற்றும் நாடாவை ஒட்டி வேகம் கூட்டிக்கொள்கிறார்கள். இங்கே பெரும்பாலும் நாடா ஒட்டாத வெறும் டென்னிஸ் பந்துதான்; மென்பந்து என்பார்கள்.

வடகீழ்ப் பருவமழை நவம்பரில் இறங்கினால் மைதானங்கள் குளமாகிவிடும். பெரும்போக அறுவடை முடிந்து வயற்காரர் கையிலும் கடைக்காரர் கல்லாவிலும் காசு புழங்கத் தொடங்கும்போது போட்டிகளும் களைகட்டும். அதன் பிறகு கச்சான் காற்று வரும். மேற்கிலிருந்து அனலாக அடிக்கும் இந்தக் காற்றில், உயர்ந்து வரும் பிடியைக் கணிப்பது அனுபவசாலிக்கும் சிரமம். எல்லைக்கோட்டோரம் வறுத்து விற்கும் கடலைக்கும் இங்கே கச்சான் என்றே பெயர். ஆகவே ஒரு கச்சான் பிடியை விட வைக்கும். மற்றக் கச்சானைக் கொறித்துக்கொண்டே பார்வையாளர்கள் விட்டவரைத் திட்டுவார்கள்.

காற்றுக்கு இவ்வளவு பலம் கிடைப்பது பந்தின் குறைந்த எடையால். கடினபந்து எனப்படும் தோல்பந்து 155.9 முதல் 163 கிராம் வரை இருக்க வேண்டும் என்பது கிரிக்கெட் விதி. டென்னிஸ் பந்தின் எடை 56 முதல் 59.4 கிராம், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அந்த மூன்றில் ஒரு பங்கில்தான் கிழக்கின் கிரிக்கெட் நிற்கிறது என்று சொன்னால் மிகையாகாது. கடினபந்து ஆட வேண்டுமானால் கால்காப்பு, கையுறை, தலைக்கவசம், இடுப்புக்காப்பு எல்லாம் வேண்டும். ஒழுங்கான ஆடுகளமோ விரிப்போ வேண்டும். ஆங்கிலேய வில்லோ மரத்தில் செய்த மட்டை வேண்டும். ஒரு பையனுக்கு இவ்வளவையும் வாங்கிக் கொடுக்கும் காசில் ஒரு கழகத்துக்கே மென்பந்துச் சாமான் வாங்கிவிடலாம். மட்டை ஒன்று, பந்து சில, குச்சிகள் ஆறு இருந்தால் ஆட்டம் ஆரம்பம்.

மென்பந்து மட்டையும் தனிச் சாதி. தோல்பந்தின் அடியைத் தாங்கும் தடிப்பு அதற்குத் தேவையில்லை. முதுகுப்பக்கம் குடைந்து எடை குறைத்தால் வேகமாக வீசலாம், இலேசான பந்தும் தூரம் போகும். மலிவான மட்டைகளுக்குக் காஷ்மீர் வில்லோ பயன்படுகிறது. அனந்தநாக் மாவட்டத்தில் ஏராளமான பட்டறைகள் இந்த மட்டையைச் செய்தே பிழைக்கின்றன. காஷ்மீரில் அறுத்த மரம் கல்முனையில் ஆறு ஓட்டமாக மாறுவதற்குள் எத்தனையோ கை மாறுகிறது. அந்தக் கைகளில் எதற்கும் தொலைக்காட்சி விளம்பரம் தேவைப்படுவதில்லை. யார் எந்த மட்டையால் அடித்தான் என்பதை மைதானத்தில் நின்றவர்களே அன்று மாலை ஊரெல்லாம் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் உடை விஷயத்தில் இந்தச் சிக்கனம் செல்லாது. மட்டையை இரவல் வாங்கி ஆடும் கழகமும் ஜேர்சி இல்லாமல் இறங்காது. ஒரே கழகம் ஆண்டுக்கு இரண்டு, மூன்று ஜேர்சி மாற்றுவதும் உண்டு. இதற்கு ஆசை ஒரு காரணம்; அச்சுத் தொழில்நுட்பம் அதைவிடப் பெரிய காரணம்.

முன்பு சட்டையில் எழுத்துப் பதிக்கத் திரை அச்சு முறைதான் இருந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு திரை செய்ய வேண்டும்; நிறம் கூடக் கூடச் செலவும் கூடும். அதனால் பழைய சட்டைகளில் கழகத்தின் பெயரும் இலக்கமும் இருக்கும், மிஞ்சினால் ஒரு கடையின் பெயர். இப்போது பயன்படுவது சப்ளிமேஷன் முறை. கணினியில் வரைந்த வடிவத்தைச் சிறப்பு மையால் காகிதத்தில் அச்சிட்டு, அதைப் பொலியெஸ்டர் துணிமேல் வைத்து ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் சூட்டில் அழுத்துவார்கள். மை உருகாமல் நேரே ஆவியாகி, சூட்டில் இளகிய இழைக்குள் புகுந்து உறைந்துவிடும். பருத்தித் துணியில் இது பிடிக்காது. வெள்ளை அல்லது வெளிர்நிறப் பொலியெஸ்டர்தான் வேண்டும். இரண்டு நிறமானாலும் இருநூறு நிறமானாலும், ஒரு சின்னமானாலும் பத்துச் சின்னமானாலும் செலவில் பெரிய வித்தியாசமில்லை. ஆகவே நெஞ்சில் பிரதான அனுசரணையாளர், தோளில் இணை அனுசரணையாளர், கையில் நகைக்கடை, முதுகில் வன்பொருள் கடை, கீழ்விளிம்பில் கைத்தொலைபேசிக் கடை என்று சட்டை நிரம்பிவிடுகிறது. பருத்தித் தறிக்குப் பெயர்போன மருதமுனையின் பையன்களும் விளையாட இறங்கும்போது போடுவது பொலியெஸ்டர்தான். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளாமல் சீக்கிரம் உலரும் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம்; கச்சான் வெயிலில் போட்டுப் பார்த்தவர்களுக்கு அதில் இரண்டு கருத்து உண்டு.

உலக விளையாட்டில் சட்டை விற்பனைக்கு வந்தது அரை நூற்றாண்டுக்கு முந்திய கதை. ஜேர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரக் கால்பந்துக் கழகம் 1973இல் ஒரு மதுபான நிறுவனத்தின் மான்தலைச் சின்னத்தை நெஞ்சில் ஏந்தி இறங்கியபோது பெரிய சர்ச்சையே எழுந்தது. பார்சலோனா கழகம் நெடுங்காலம் சட்டையை விற்க மறுத்தது. 2006இல் யுனிசெப்பின் பெயரைப் போட்டபோதும் காசு வாங்காமல், தானே அந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது. பிறகு அதுவும் வழிக்கு வந்தது. 2011 முதல் கத்தார் அறக்கட்டளையின் பெயர் அந்த நெஞ்சில் ஏறியது. இலங்கையின் தேசிய கிரிக்கெட் சட்டையில் தொலைத்தொடர்பு நிறுவனமான டயலொக்கின் பெயர் பல ஆண்டுகளாகப் பழகிப்போனது. 2019 உலகக் கிண்ணத்துக்கு அந்தச் சட்டையையே மாஸ் ஆடை நிறுவனம் கடலில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவிலிருந்து செய்து, கடலாமையின் உருவத்தோடு கொடுத்தது. தோற்ற ஆட்டங்களிலும் சட்டைக்குப் பேர் கிடைத்தது.

இந்தப் பெரிய சந்தை கிழக்குக் கரையோரத்தை எட்டிப் பார்ப்பது குறைவு. 2020இல் தொடங்கிய லங்கா பிரிமியர் லீக்கில் கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ள, யாழ்ப்பாணம் ஆகியவற்றின் பெயரில் அணிகள் வந்தன. கிழக்கின் பெயரில் ஓர் அணி வரவில்லை. பெரிய நிறுவனம் பார்ப்பது தொலைக்காட்சியின் முன் எத்தனை கண்கள் என்பதை. ஊர்ப் போட்டியில் கண்கள் சில நூறுதான். ஆனால் அந்தச் சில நூறு பேரும் அடுத்த நாள் அதே கடைத்தெருவில் சீமெந்தும் துணியும் வாங்கப் போகிறவர்கள். இந்தக் கணக்குத் தெரிந்தவர் கடைக்காரர்.

அவருக்கும் விற்பனை மட்டும் குறியல்ல. கடையை எல்லாருக்கும் முன்பே தெரியும். புதிதாக ஒருவருக்கும் அறிமுகம் தேவையில்லாத ஊரில் விளம்பரத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அங்கே விலைக்கு வருவது மதிப்பு: 'பொடியன்மாருக்கு உதவி செய்யிற மனிசன்' என்ற பேச்சு. அறிவிப்பாளர் ஒலிவாங்கியில் ஓவருக்கு ஓவர் அவர் பெயரைச் சொல்வார். இறுதிப் போட்டியன்று அவர் அதிதிகளின் வரிசையில் அமர்ந்து கிண்ணம் கொடுப்பார். கத்தாரிலும் சவூதியிலும் வேலை செய்யும் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஜேர்சி வாங்கி அனுப்புவதும் இதே வகைதான். ஊரில் இல்லாதவரின் பெயர் ஊர்ப் பையனின் முதுகில் ஓடுகிறது. தேர்தல் நெருங்கினால் அனுசரணை பொங்குவதும் இதனால்தான். அந்தக் காலத்தில் பந்தும் வலையும் கேட்காமலே வரும். மைதானத்துக்கு மலசலகூடமும் வடிகானும் கேட்டால்தான் வராது.

கிண்ணத்துக்குப் பெயர் வைக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. வெளியுலகில் கிண்ணத்தின் பெயரைக் கம்பனி வாங்கும். இங்கே அது பெரும்பாலும் மறைந்தவருக்கு உரியது: அகாலமாக இறந்த வீரர், ஓர் ஆசிரியர், 2000 செப்டம்பர் 16இல் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்த எம்.எச்.எம். அஷ்ரப் போன்ற அரசியல் தலைவர். 'ஞாபகார்த்தக் கிண்ணம்' என்ற சொல்லுக்கு முன்னால் எந்த வியாபாரப் பெயரும் கொஞ்சம் ஒதுங்கியே நிற்கிறது.

எந்தப் பெயர் சட்டையில் ஏறலாம் என்பதற்கும் எல்லை உண்டு. புகையிலை, மதுபான நிறுவனங்களின் விளம்பரத்தையும் அனுசரணையையும் இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடை செய்தது. இந்தக் கரையோரத்தின் முஸ்லிம் ஊர்களில் மதுவைப் பொறுத்தவரை அந்தத் தடை சட்டத்துக்கு முன்பே மார்க்கத்தில் இருந்தது. தென்னாபிரிக்க அணிக்கு மதுபான நிறுவனம் அனுசரணை வழங்கிய காலத்தில் ஹாஷிம் அம்லா அந்தச் சின்னம் இல்லாத சட்டையோடு ஆடியது, இங்குள்ள இளைஞர்கள் பெருமையோடு சொல்லும் செய்தி. உதைபந்தாட்டத்தில் அரைக்காற்சட்டைக்குக் கீழே முழங்கால் மறையும் இறுக்க உடை போடுவதும் இதே மார்க்க அக்கறையில் வந்த பழக்கம்.

நிந்தவூருக்கு வந்தால் கதை கொஞ்சம் மாறும். கபடிக்குப் பெயர்போன ஊர் அது. ஒரு காசும் இல்லாமல் விளையாடக்கூடிய ஆட்டம் என்று கபடியைச் சொல்வதுண்டு. மண் இருந்தால் போதும், மூச்சு இருந்தால் போதும். ஆனால் சர்வதேசக் கபடி மண்ணை விட்டு விரிப்புக்கு ஏறிவிட்டது. ஆண்களுக்கான களம் 13 மீற்றர் நீளம், 10 மீற்றர் அகலம். அவ்வளவுக்கும் விரிப்புப் போட வேண்டும், வழுக்காத சப்பாத்து வேண்டும். 2014இல் இந்தியாவில் புரோ கபடி தொடங்கிய பிறகு ஆட்டம் தொலைக்காட்சிக்கேற்றபடி பளபளப்பாகிவிட்டது. மண்ணில் பழகியவனுக்கு விரிப்பில் கால் ஊன்றுவது வேறு வித்தை. சாமான் இல்லாத ஆட்டமும் இப்படித்தான் சாமானுக்குள் வந்துவிடுகிறது.

தெற்கே பொத்துவிலின் அறுகம்பையில் எல்லாமே மறுபக்கமாக நடக்கிறது. உல்லை என்று ஊர்க்காரர் சொல்லும் அந்தக் கடலில் ஏப்ரல், மே முதல் ஒக்டோபர் வரை அலை நீளமாக வலப்பக்கம் உடைந்து ஓடும். உலகெங்கும் இருந்து அலைச்சறுக்கல்காரர்கள் பலகையோடு வருகிறார்கள். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு உல்லாசப் பயணிகள் வராமல் நாடு திணறியபோது, அதே ஆண்டு செப்டம்பரில் அறுகம்பையில் உலக அலைச்சறுக்கல் லீக்கின் தகுதிச்சுற்றுப் போட்டி நடந்தது. 'சோ ஸ்ரீலங்கா' என்ற சுற்றுலாச் சுலோகமே அந்தப் போட்டிக்கும் பெயர். அங்கே விற்கப்பட்டது ஒரு கடையோ கம்பனியோ அல்ல, நாடு. அதற்கு ஒரு வருடம் முன்பு, 2018இல், அதே கரையில் பெண்கள் அலைச்சறுக்கல் கழகம் ஒன்று பதிவானது. பெண்களுக்கென்று நாட்டில் அமைந்த முதல் கழகம். வெளிநாட்டவர் விட்டுச்செல்லும் பழைய பலகைகள் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. புதுப் பலகையின் விலை அப்படி.

வடக்கே கல்முனைப் பக்கத்திலும் பழையதற்குத்தான் ஆயுள் அதிகம். போட்டி முடிந்து புது ஜேர்சி வந்ததும் பழையது வீட்டுச் சட்டையாகிறது. தம்பிக்குப் போகிறது, பிறகு முச்சக்கர வண்டி ஓட்டும்போதும், வயலில் மருந்தடிக்கும்போதும், கரைவலை இழுக்கும்போதும் உடம்பில் இருக்கிறது. பத்துக் கடைகளின் பெயரோடு ஒருவர் சேற்றில் இறங்கி நிற்பது இங்கே யாரும் திரும்பிப் பார்க்காத காட்சி. அந்தக் கடைகளில் ஒன்றிரண்டு அதற்குள் பூட்டப்பட்டும் இருக்கலாம். மை இழைக்குள் இறங்கியிருப்பதால் பெயர் சீக்கிரம் அழிவதில்லை. பெரும்பாலும் துணிதான் முதலில் கிழிகிறது.