அச்சத்துக்கு எத்தனை அங்குலம்?

செருப்புக் கடைக்குப் போனால் காலை அளப்பார்கள். தையற்கடைக்குப் போனால் மார்பை அளப்பார்கள். அமெரிக்க நாட்டிலே ஊருக்கு ஊர் ஒரு கடை இருக்கிறது. அங்கே அளக்கப்படுவது அச்சம்! அரை அங்குலத்தையும் எட்டாத அந்த அளவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'காலிபர்'. துப்பாக்கிக் குழலின் விட்டம். அதில் பாயும் குண்டின் பருமன்.

கடைக்குள் நுழைகிறவர்களெல்லாம் கொலைகாரர்கள் என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! லாரி ஓட்டுகிறவன் வருகிறான். நள்ளிரவிலே பெட்ரோல் நிலையத்தில் பணப்பெட்டியருகே தனியாக உட்கார்ந்திருப்பவன் வருகிறான். மருத்துவமனையில் இரவு வேலை முடித்து ஆளரவமற்ற தெருவில் வீடு திரும்பும் செவிலி வருகிறாள். சட்டைக்குள்ளே, இடுப்பு வாருக்குள்ளே, கைப்பைக்குள்ளே மறைத்து நாள்தோறும் எடுத்துச் செல்ல ஒரு கைத்துப்பாக்கி வேண்டும் என்கிறார்கள். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறக்கிறார். "எந்த அளவு?" என்று கேட்கிறார்.

சட்டம் குறுக்கே நிற்காதா என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் நின்றது. நியூயார்க்கில் 1911-ஆம் ஆண்டுச் சட்டம், உரிமம் இன்றிக் கைத்துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்றது. மறைத்து எடுத்துச் செல்லவும் உரிமம் கேட்டால், தக்க காரணம் காட்டு என்றார்கள். 2022 ஜூன் 23-ஆம் நாள், "காரணம் கேட்கும் உரிமை அரசுக்குக் கிடையாது" என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024-ஆம் ஆண்டளவில் 50 மாநிலங்களில் 29 மாநிலங்கள், உரிமச் சீட்டே வேண்டியதில்லை என்று கதவை அகலத் திறந்துவிட்டன. ஆகவே எடுத்துச் செல்லலாமா கூடாதா என்ற கேள்வி அங்கே பல ஊர்களில் மறைந்துவிட்டது. எஞ்சியிருப்பது ஒரே கேள்வி: எந்த அளவு?

விடை எளிதன்று. அளவின் பெயர்களே ஆளை ஏய்க்கும். 'முப்பத்தெட்டு' என்பார்கள், 'முந்நூற்று எண்பது' என்பார்கள், 'ஒன்பது மில்லிமீட்டர்' என்பார்கள். கேட்பவன் மூன்றும் மூன்று பருமன் என்று நினைப்பான். எடுத்து அளந்தால் மூன்று குண்டும் ஏறக்குறைய ஒரே பருமன்! வேற்றுமை வெளியே தெரியும் தலையில் இல்லை. தோட்டாவின் வயிற்றிலே அடைத்திருக்கும் வெடிமருந்தில் இருக்கிறது. 'முந்நூற்று எண்பது' குள்ளத் தோட்டா. அதன் குண்டு 6 கிராம் அளவு. 'ஒன்பது' அதைவிட நெட்டை. குண்டு 8 கிராம் அளவு. இவற்றுக்கெல்லாம் அண்ணன் 'நாற்பத்தைந்து'. அதன் குண்டு ஏறக்குறைய 15 கிராம். பருமன் 11 மில்லிமீட்டருக்கு மேல்.

பெரியதே சிறந்தது என்று ஒரு கட்சி. சிறியதே போதும் என்று எதிர்க்கட்சி. இந்த வழக்கு எங்கே பிறந்தது தெரியுமா? அடிமைப்பட்ட ஒரு நாட்டின் மண்ணிலே பிறந்தது!

1898-இல் ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸ் தீவுகளை அமெரிக்கா பெற்றது; கொடுத்த விலை 2 கோடி டாலர். தீவுகளின் தென்பகுதியிலே வாழ்ந்த மோரோ மக்கள் அந்த விற்பனையை ஏற்கவில்லை. வாளேந்தி வந்தார்கள். அமெரிக்கச் சிப்பாயின் 'முப்பத்தெட்டு' சுழல் துப்பாக்கி சுட்டது. சுடப்பட்டவர் விழவில்லை, மேலும் பாய்ந்து வந்தார் என்று படையினர் முறையிட்டனர். மண்ணை விட்டுப் போய்விடலாமா என்று வாஷிங்டன் யோசிக்கவில்லை. குண்டைப் பெரிதாக்கலாமா என்று யோசித்தது!

1904-இல் தாம்சன் என்ற படை அதிகாரியும், லகார்டு என்ற படை மருத்துவரும் சிகாகோவின் இறைச்சிக் கொட்டில்களுக்குச் சென்றனர். உயிருள்ள மாடுகளைச் சுட்டுப் பார்த்தனர். இறந்த மனிதர்களின் உடல்களைச் சுட்டுப் பார்த்தனர். 'நாற்பத்தைந்துக்குக் குறையக் கூடாது' என்று எழுதிக் கொடுத்தனர். 1911-இல் ஜான் பிரௌனிங் அமைத்த 'நாற்பத்தைந்து' துப்பாக்கியை அமெரிக்கப் படை ஏற்றது. 1985-இல் 'ஒன்பது' வந்து அந்த இடத்தைப் பிடிக்கும் வரையில் அதுவே ஆண்டது.

அடுத்த அத்தியாயம், ஃபுளோரிடா மாநிலத்தின் மயாமி. 1986 ஏப்ரல் 11. இரண்டு வங்கிக் கொள்ளையரை, எஃப்.பி.ஐ. என்ற கூட்டரசுத் துப்பறியும் துறையின் 8 அதிகாரிகள் மடக்கினார்கள். சண்டையின் தொடக்கத்திலேயே ஒரு கொள்ளையன் மீது 'ஒன்பது' பாய்ந்தது. கையைத் துளைத்தது, மார்பில் நுழைந்தது, நுரையீரலைக் கிழித்தது, இதயத்துக்கு ஓர் அங்குலம் இருக்கையில் நின்றுவிட்டது! அந்த ஓர் அங்குலத்தின் விலை என்ன? நெஞ்சில் குண்டைத் தாங்கிய அவன், கையிலிருந்த ரைபிளால் மேலும் சில நிமிடம் சுட்டான். கொள்ளையர் இருவரும் மாண்டார்கள். அதற்குள் 2 அதிகாரிகள் செத்தனர், 5 பேர் காயமுற்றனர்.

பழி யார் மீது விழுந்தது? ரைபிளுக்கு எதிரே கைத்துப்பாக்கியோடு நின்ற நிலைமையைவிட, 'ஒன்பது' மீதுதான் அதிகம் விழுந்தது. பத்து மில்லிமீட்டர் வந்தது. அதன் உதைப்பு பல அதிகாரிகளின் கைக்கு அடங்கவில்லை. வேகத்தைக் குறைத்து, உடலைச் சுருக்கி, 1990-இல் 'நாற்பது' வந்தது. நாடெங்கும் காவல்துறைகள் அதை வாங்கிக் குவித்தன. ஆலைகளுக்குக் கொண்டாட்டம்! ஒவ்வோர் அச்சமும் ஒரு புது விற்பனை.

ஆனால் ஆய்வுச்சாலையிலே உண்மை மெல்லத் தலைகாட்டியது. தசையைப் போன்ற ஜெலட்டின் கட்டியில் குண்டைச் சுடுகிறார்கள். 12 அங்குலத்துக்குக் குறையாமல், 18 அங்குலத்துக்கு மேற்போகாமல் நிற்க வேண்டும். குறைந்தால் உள்ளுறுப்பை எட்டாது. மிகுந்தால் பின்னால் நிற்கும் குழந்தையை எட்டும். இந்தத் தேர்வில் புதிய அமைப்பில் செய்யப்பட்ட 'ஒன்பது' தேறியது, 'நாற்பது' தேறியது, 'நாற்பத்தைந்து' தேறியது. 2014-இல் அந்த எஃப்.பி.ஐ. துறையின் பயிற்சிப் பிரிவே, மூன்றுக்கும் இடையே பெரிய வேற்றுமை இல்லை, 'ஒன்பது' போதும் என்று எழுதியது. உதைப்புக் குறைவு, விரைந்து மறுமுறை சுடலாம், கூடுதல் தோட்டா அடைக்கலாம் என்று காரணமும் காட்டியது.

அதே அறிக்கையில் இன்னொரு செய்தி. மோதல் நேரத்தில் காவலர்கள் சுடும் குண்டுகளில் 100-க்கு 70 முதல் 80 வரை குறி தவறுகின்றன! பயிற்சி பெற்றவன், சீருடை அணிந்தவன், சம்பளம் வாங்கிக்கொண்டு சுடுகிறவன் கதி இது. அப்படியானால், நடுங்கும் கையோடு இருட்டில் நிற்கும் பெட்ரோல் நிலையத்துக்காரன் கதி என்ன?

ஆகவே, விவரம் அறிந்தவர்கள் கடைப்பலகையின் முன் சொல்லும் அறிவுரை சுருக்கமானது. பருமனைப் பார்த்து மயங்காதே. உன் கைக்கு அடங்குவதை எடு. பெரும்பாலோருக்கு 'ஒன்பது'. மூட்டு நோவோ கைவலிமைக் குறைவோ இருந்தால் 'முந்நூற்று எண்பது'. குட்டித் துப்பாக்கி மறைக்க எளிது, சுடக் கடினம். எடை குறையக் குறைய உதைப்புக் கூடும். ஐந்து தோட்டாச் சுழல் துப்பாக்கி பையில் அடங்கும். ஆனால் ஐந்தோடு முடிந்தது. எதை எடுத்தாலும் பழகு. பழகாத 'நாற்பத்தைந்தை'விடப் பழகிய 'ஒன்பது' மேல். நூறாண்டுச் சண்டையின் சாறு இவ்வளவுதான்!

குண்டின் தலையில் குழி வைத்து, உடலுக்குள் பூப்போல விரியச் செய்கிறார்களே, அதற்கும் ஒரு பழைய உறவு உண்டு. விரியும் குண்டுக்கு உலகம் வைத்த பெயர் 'டம்டம்'. கல்கத்தாவுக்கு அருகே டம்டம் என்ற ஊரில் வெள்ளையர் நடத்திய படைக்கலச் சாலையின் பெயர் அது! அத்தகைய குண்டைப் போரில் பயன்படுத்தலாகாது என 1899-இல் ஹேக் நகர மாநாடு அறிவித்தது. போர்க்களத்தில் பகைவனுக்கு ஆகாதது என்று ஒதுக்கப்பட்டது, அமெரிக்க வீதியிலே அண்டை வீட்டானுக்கு ஆகும்! காரணமும் சொல்வார்கள்: விரிந்த குண்டு உடலைத் துளைத்து வெளியேறிப் பின்னால் நிற்பவனைத் தாக்குவது குறைவு. சொல்வது பொய்யல்ல. ஆனால் எப்படிப்பட்ட உண்மைகளோடு அந்த நாடு குடும்பம் நடத்துகிறது, பாருங்கள்!

குண்டை அளந்தார்கள், தோழர்களே. தோட்டாவை அளந்தார்கள், மாட்டை அளந்தார்கள், பிணத்தை அளந்தார்கள். அளக்க மறந்தவை இரண்டு.

முதலாவது, அந்தத் துப்பாக்கி யாரை நோக்கித் திரும்புகிறது என்பது. 2022-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்டவர்கள் 48,000-க்கும் மேல். அவர்களில் ஏறக்குறைய 27,000 பேர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். திருடனுக்கென்று வாங்கியது, வேலை இழந்த இரவில், கடன் கழுத்தை நெரித்த இரவில், மேசை இழுப்பறையிலிருந்து எழுந்து வருகிறது. அந்தத் தொலைவுக்கு எந்தக் காலிபரும் போதும். கடையில் யாரும் இதைச் சொல்லி விற்பதில்லை!

இரண்டாவது, துப்பாக்கி ஏந்தும் உரிமை எந்த நிறத்தாருக்கு என்பது.

1857-இல் டிரெட் ஸ்காட் வழக்கில் அமெரிக்கத் தலைமை நீதிபதி டானி ஒரு வாதம் வைத்தார். கருப்பரைக் குடிமக்கள் என்று ஒப்பினால், அவர்கள் போகுமிடமெல்லாம் ஆயுதம் ஏந்தும் உரிமையையும் ஒப்ப வேண்டியதாகிவிடும் என்றார். ஆகவே குடியுரிமையே இல்லை என்றார்! 1956 சனவரி 30-இல், மாண்ட்கோமரி நகரில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் வெடிகுண்டு வீசினார்கள். உள்ளே மனைவியும் கைக்குழந்தையும். மறைத்து எடுத்துச் செல்ல அவர் உரிமம் கேட்டார். மறுத்தார்கள்! வீட்டில் வெடிகுண்டு விழுந்தது காரணமாகாதென்றால், வேறெது காரணம்? 1967-இல் கருஞ்சிறுத்தைகள் என்னும் அமைப்பினர் கலிஃபோர்னியச் சட்டமன்றக் கட்டடத்துக்குள் துப்பாக்கியோடு நுழைந்தார்கள். அதே ஆண்டிலேயே, நிரப்பிய துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்துவதைத் தடுக்கும் சட்டத்தில் ஆளுநர் ரொனால்டு ரீகன் கையெழுத்திட்டார். வெள்ளைக் கையில் உரிமை. கருப்புக் கையில் கலகம்!

நமக்குத் தெரியாத கதையா இது? 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம், இந்தியன் ஆயுதம் வைக்க உரிமம் வேண்டும் என்றது. ஐரோப்பியனுக்கு விலக்கு அளித்தது. சட்டம் ஒன்று, தராசு இரண்டு!

பழங்கதை என்பீர்களா? 2016 ஜூலை 6. மின்னசோட்டா மாநிலம். பிலாண்டோ காஸ்டில் என்ற கருப்பினத்தவர், பள்ளிக்கூடத்து உணவுக்கூடத்தின் மேற்பார்வையாளர், காரில் போகிறார். காவலர் நிறுத்துகிறார். தம்மிடம் துப்பாக்கி இருக்கிறது என்று அவரே முன்வந்து சொல்கிறார். உரிமம் பெற்றவர் அவர். காவலர் சுட்டார், ஏழு முறை சுட்டார். காரிலே காதலி, பின்னிருக்கையிலே அவளுடைய 4 வயதுக் குழந்தை. 2017-இல் அந்தக் காவலர் குற்றமற்றவர் என்று விடுதலையானார். காஸ்டிலின் துப்பாக்கி என்ன காலிபராக இருந்தால்தான் என்ன? உறையை விட்டு வெளிவராத துப்பாக்கியே அவர் உயிரைக் குடித்தது!

அப்படியானால் ஏழையும் எளியவனும் கைகட்டிச் சாக வேண்டியதுதானா என்று கேட்கத் தோன்றும். கேட்பது நியாயம். அந்த நாட்டு வரலாறே விடை வைத்திருக்கிறது. லூசியானா மாநிலத்தில் போகலூசா என்றொரு காகித ஆலை நகரம். அங்கே முகமூடிக் கூட்டமாகிய கு கிளக்ஸ் கிளான் கொட்டமடித்தது. 1965-இல், ஆலைத் தொழிலாளர்களை உள்ளிட்ட கருப்பின மக்கள் 'டீக்கன்கள்' என்ற காவல் சங்கத்தை அமைத்தார்கள். துப்பாக்கி ஏந்தினார்கள், மறைக்கவில்லை நான். ஆனால் தனித்தனியே பயந்து ஏந்தவில்லை. முறை வைத்துத் தெருக்காவல் நின்றார்கள். ஊர்வலத்துக்குத் துணை சென்றார்கள். அதே வேளையில் நீதிமன்றத்துக்கும் போனார்கள். அதே ஆண்டில், போராடும் மக்களைக் காப்பது உன் கடமை என்று அவ்வூர்க் காவல்துறைக்குக் கூட்டரசு நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த ஆணையைப் பெற்றுத் தந்தது எந்தக் காலிபர்? சங்கம் என்னும் காலிபர்!

இரவுப்பணிச் செவிலியின் அச்சம் மெய்யானது. அதை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆனால் அவள் தெருவுக்கு ஒரு விளக்கு, நள்ளிரவில் ஒரு பேருந்து, கடைக்குள் அவனுக்கு இன்னொரு துணையாள், நிறம் பார்க்காத ஒரு காவல்நிலையம் — இவற்றை ஒருவன் தனியாகக் கடையில் வாங்க முடியாது. கூடிக் கேட்டுத்தான் பெற முடியும். கூடிக் கேட்காத நாட்டில், தனித்து நிற்பவனிடம் விற்கப்படுவதுதான் துப்பாக்கி.

தனி மனிதனின் அச்சத்துக்கு 'ஒன்பது' போதாது, 'நாற்பது' போதாது, 'நாற்பத்தைந்தும்' போதாது. தோளோடு தோள் சேர்ந்தால்தான், தோழர்களே, அந்த அச்சம் அளவுக்குள் அடங்கும்!