குளத்து மீன் யாருக்குச் சொந்தம்?

ஜூன் 12-இல் திறப்பு, ஜனவரி 28-இல் அடைப்பு. மேட்டூர் அணையின் இந்தக் கணக்கு தஞ்சைச் சீமையில் சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். மழை பொய்த்த வருஷங்களில் கணக்கு தவறுவதும் உண்டு. அது வேறு கதை.

மேலே கதவை அடைத்துவிட்டால், கீழே வெண்ணாறும் குடமுருட்டியும் அரசலாறும் மெள்ள மெள்ள இளைக்கத் தொடங்கும். இடுப்பளவு ஓடிய வாய்க்காலில் முழங்கால் அளவு நிற்கும். அதுவும் வற்றி, கடைசியில் மதகுக்குக் கீழே உள்ள மடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் தேங்கும். ஆற்றில் இருந்த மீனெல்லாம் அங்கே வந்து அடைக்கலம் புகும்.

பையன்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா? பள்ளிக்கூடம் விட்டதும் மதகுக் கட்டையில் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு மூங்கில் கழி, ஒரு பாகம் நைலான் நரம்பு, கடைத்தெருவில் வாங்கிய முள், கொல்லையில் தோண்டிய மண்புழு. தக்கைக்கு மயிலிறகின் தண்டு. அது அகப்படாவிட்டால் நெட்டித் துண்டு. குளத்தில் விளையும் இந்த நெட்டியைச் சீவித்தான் தஞ்சாவூரில் பெரிய கோயில் பொம்மை செய்கிறார்கள். 2020-இல் அந்த வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பொம்மைக்குக் கிடைத்த மதிப்பு தக்கைக்குக் கிடைக்கவில்லை!

அதே மயிலிறகுத் தண்டை இங்கிலாந்திலும் தூண்டிலுக்குத் தக்கையாகக் கட்டுகிறார்கள். ஆனால் அங்கே அது பையன்களின் விளையாட்டோடு நிற்கவில்லை. சீட்டுக் குலுக்கி, விசில் ஊதி, தராசு வைத்து நடத்துகிற பந்தயமாகிவிட்டது.

மீனிலும் ஜாதி

இங்கிலாந்தில் மீனுக்கும் ஜாதி உண்டு என்றால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். ஸால்மனும் டிரௌட்டும் உயர்ந்த ஜாதி. பிரபுக்களின் நிலத்தை ஒட்டி ஓடும் ஆறுகளில், பெரும் பணம் கொடுத்தவர்கள் பிடிக்க வேண்டிய மீன்கள் அவை. மற்ற நன்னீர் மீன்களுக்கெல்லாம் ‘கோர்ஸ்’ என்று பெயர். முரட்டு மீன், மட்டமான மீன் என்று வைத்துக்கொள்ளலாம். நம் கெண்டையின் உறவுக்கார மீன்கள் பலவும் இந்த இரண்டாவது வரிசையில்தான் சேர்ந்தன.

அந்த மட்டமான மீனைத்தான் ஆலைத் தொழிலாளி தன்னுடையதாக்கிக்கொண்டான். பர்மிங்காம், ஷெஃபீல்ட் போன்ற தொழில் நகரங்களிலிருந்து ஓய்வு நாளில் ரயிலேறிப் போய் ஆற்றங்கரையில் உட்கார்ந்தான். சங்கம் கட்டினான். 1906-லேயே தேசிய அளவில் போட்டி நடந்துவிட்டது. 1957 முதல் உலகச் சாம்பியன் போட்டியும் உண்டு. அதில் பாப் நட் என்ற இங்கிலாந்துக்காரர் நான்கு தடவை வென்றார். அவருக்குப் பிறகு ஆலன் ஸ்காத்தார்ன் ஐந்து தடவை வென்று அவரையும் மிஞ்சினார்.

ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை கோர்ஸ் மீன் பிடிக்கத் தடை. மீன் முட்டையிடும் காலம் அது. ஜூன் 16-ஆம் தேதி தூண்டில்காரர்களுக்குத் தீபாவளி மாதிரி. நம் மேட்டூர் திறப்பும் அந்த வாரத்தில்தான் வருகிறது. இருவரும் ஜூன் மாதத்துக்குத்தான் காத்திருக்கிறார்கள். ஒருவர் மீனுக்கு, மற்றவர் நாற்றங்காலுக்கு.

வெட்டிய குளம், வாங்கிவிட்ட மீன்

பிறகு காலம் மாறியது. விவசாயத்தில் போதிய வருமானம் இல்லாத நிலக்காரர்கள் வயலை வெட்டிக் குளமாக்கினார்கள். கெண்டைக் குஞ்சை விலைக்கு வாங்கி விட்டார்கள். கரையில் நடைபாதை, வண்டி நிறுத்த இடம், டீக்கடை. கட்டணம் கட்டினால் யாரும் வந்து தூண்டில் போடலாம். 1995-இல் பெரும்பாலான குளம் குட்டைகளுக்கு அந்த மூன்று மாதத் தடையும் நீங்கியது. அதன்பின் கேட்க வேண்டுமா? போட்டிகளில் பெரும்பகுதி ஆற்றை விட்டுக் குளத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

போட்டி நடக்கும் விதம் இது. கரை நெடுக எண் போட்ட முளைகள் அடித்திருப்பார்கள். காலையில் சீட்டுக் குலுக்கி அவரவர் எண்ணை எடுக்க வேண்டும். மீன் ஒதுங்கும் மூலை கிடைத்தவன் பாக்கியசாலி. விசில் ஊதியதும் தூண்டில் இறங்கும். ஐந்து, ஆறு மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. பிடித்த மீனைத் தண்ணீரிலேயே தொங்கும் நீள வலைப்பையில் உயிரோடு விட்டுவைப்பார்கள். நேரம் முடிந்ததும் தராசு வரும். எடை கூடியவனுக்குப் பரிசு. நல்ல குளத்தில் ஒருவரே 45 கிலோவுக்கு மேல் பிடிப்பதும் உண்டு.

கழியும் சாமானியமானதல்ல. கரிநாரில் செய்த கழி 16 மீட்டர் வரை நீளும். நம் ஊர்த் தென்னை மரம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததுபோல் இருக்கும்! ஆனால் ஜெயிப்பது கழியினால் அல்ல. எவ்வளவு ஆழத்தில் மீன் மேய்கிறது, தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக எப்போது தூவுவது, எப்போது நிறுத்துவது என்ற கணக்கினால்தான். ஒரே இரையை வைத்துக்கொண்டு பக்கத்து முளைக்காரர் பத்து மீன் இழுக்க, இவர் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார்.

எடை பார்த்த பிறகு? அத்தனை மீனையும் திரும்பக் குளத்திலேயே விட்டுவிடுவார்கள்! வாய் கிழியாமலிருக்க முள்ளில் எதிர்க்கொக்கிகூட இருக்கக் கூடாது என்பது பல குளங்களில் விதி. போலந்திலும் செக் நாட்டிலும் கிறிஸ்துமஸ் விருந்தே கெண்டைதான். இங்கிலாந்துக்காரரோ அதைச் சட்டியில் ஏற்றுவதில்லை. போன ஞாயிறு பிடிபட்ட மீனே இந்த ஞாயிறும் பிடிபடலாம். குளக்காரருக்கு அது வற்றாத முதல். பிடித்தவனுக்கு மீன் சொந்தமில்லை. பிடித்த எடை மட்டும் சொந்தம்.

காசு கொடுத்துத் தூண்டில் போடுவது நம் நாட்டுக்கும் புதிதல்ல. வங்காளத்தில் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று டிக்கெட் வாங்கிக் குளக்கரையில் உட்காருவார்கள். பெரிய கட்லா பிடித்தவருக்குப் பரிசும் கொடுப்பதுண்டு. பம்பாய் பவாய் ஏரியில் இதற்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்த எச். எஸ். தாமஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி, இந்தியக் குளங்களில் தூண்டில் போடுவது பற்றி 1887-லேயே தனிப் புத்தகம் எழுதியிருக்கிறார்.

கட்லா வந்த கதை

தஞ்சைக் குளங்களில் இன்று கொழுத்துத் திரியும் கட்லா, காவிரியில் பிறந்து வளர்ந்த பரம்பரையைச் சேர்ந்தது அல்ல. கங்கை, கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் மீன் அது. காவிரிக்கு உரியவை சேலும் கெண்டையும் விராலும் கெளுத்தியும். 1920-ஆம் ஆண்டுகளை ஒட்டி மீன்துறையினர் கட்லாவைக் காவிரிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்து பெரிய நீர்த்தேக்கம் உண்டானதும் வந்த விருந்தாளி வீட்டுக்காரன் ஆகிவிட்டது.

இங்கிலாந்துப் பந்தயக் குளத்தில் துள்ளும் அதே சாதாக் கெண்டை இனமும் நம்மிடம் உண்டு. 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள். 1952-இல், அதே இலங்கை வழியாக, இன்று ஜிலேபி என்று நாம் அழைக்கும் மீனும் வந்து சேர்ந்தது. அழைத்து வந்தவர்களே பிற்பாடு வருந்துமளவுக்கு அது பெருகிவிட்டது.

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுக்கும் ஒரு சிக்கல் இருந்தது. குளத்தில் வளருமே தவிர, தேங்கிய தண்ணீரில் முட்டையிடாது. வெள்ளக் காலத்தில் வட ஆறுகளில் குஞ்சு வாரி, ரயிலில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். ஹீராலால் சவுத்ரி என்ற விஞ்ஞானி, மீனின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டு, 1957 ஜூலை 10-ஆம் தேதி ஒரிசாவின் அங்குலில் கெண்டையைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார். இன்றும் ஜூலை 10 தேசிய மீன் வளர்ப்போர் தினம். அதற்குப் பிறகு குஞ்சுக்குப் பஞ்சமில்லை. மேட்டூரிலும் தஞ்சைக் கரந்தையிலும் அரசுப் பண்ணைகள் இருக்கின்றன.

மூன்று மீனும் மூன்று மாடியில் குடியிருக்கும். கட்லா மேல்தண்ணீரில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடிச்சேற்றில். ஒன்றின் சோற்றில் இன்னொன்று கை வைக்காது. ஒரே குளத்தில் மூன்று பயிர் மாதிரி. இது தெரிந்த நாளிலிருந்து ஊர்க் குளத்துக்கு விலை வந்துவிட்டது.

ஏலம் போன குளம்

விலை வந்தால் ஏலம் வரும். ஊராட்சிக் குளத்தை ஊராட்சி ஏலம் விடுகிறது. கோயில் குளத்தைக் கோயில் நிர்வாகம் விடுகிறது. எடுத்தவர் குத்தகைக்காரர். ஆற்றில் தண்ணீர் வந்து குளம் நிரம்பியதும் குஞ்சு விடுவார். தவிடும் கடலைப் புண்ணாக்கும் போடுவார். கோடைக்குள் மீன் ஒரு கிலோவை எட்டும். இழுவலை போட்டு வாரிக் கரையிலேயே எடை போட்டு விற்றுவிடுவார். இங்கேயும் தராசு உண்டு. ஆனால் இந்தத் தராசில் ஏறிய மீன் தண்ணீருக்குத் திரும்புவதில்லை.

இதற்கு நடுவே ஒரு பையன் தூண்டிலோடு வந்து உட்கார்ந்தால்? “டேய், யாரைக் கேட்டு முள்ளைப் போட்டே?” என்ற அதட்டல் வரும். தாத்தா காலத்தில் கேட்டு யாரும் போட்டதில்லை. அறுவடை இல்லாத மாதங்களில் கூலி வேலைக்காரர் வீட்டுக் குழம்புக்கு அந்தக் குளத்துக் கெண்டையும் விராலும் காசில்லாமல் கிடைத்தன. இன்று அதே மீனை அதே கரையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். காசில்லாமல் பிடித்தால் திருட்டு.

குத்தகைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஏலத்தொகை, குஞ்சு விலை, தீவனம், காவல் எல்லாம் அவர் கைப்பணம். நீர்க்காகம் ஒரு பங்கு எடுக்கும். தண்ணீர் பிந்தினால் மீன் சிறுத்துவிடும். பகை கொண்டவர் ராத்திரியில் விஷம் கலந்தால் விடியும்போது குளம் முழுக்க வெள்ளை வயிறு மிதக்கும். ஏலப் பணம் ஊராட்சியின் கஜானாவுக்குப் போகிறது. தெருவிளக்கும் குடிதண்ணீரும் ஊருக்கு வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் தெருவிளக்கு எல்லோருக்கும் எரிகிறது. காசில்லாமல் கிடைத்த மீன் கூலிக்காரர் வீட்டில்தான் நின்றது. இந்தக் கணக்கை ஏலத்தன்று யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

வெள்ளைத் துண்டு

தஞ்சைக்குத் தெற்கே புதுக்கோட்டைச் சீமைக்கும், அதைத் தாண்டிச் சிவகங்கை, மதுரைப் பக்கமும் போனால் வேறொரு காட்சி. அங்கெல்லாம் மழையை நம்பிய கண்மாய்கள். பங்குனி, சித்திரை, வைகாசியில் தண்ணீர் வற்றும் சமயம் மீன்பிடித் திருவிழா நடத்துவார்கள். சுற்று வட்டார ஊர்களுக்கெல்லாம் முன்கூட்டியே சேதி போய்விடும். அதுவரை கண்மாயில் ஒருவரும் வலை போடக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு.

விடியும் முன்பே கரை நிறைந்துவிடும். ஆண், பெண், கிழவர், குழந்தை என்று ஆயிரக்கணக்கில் கூட்டம். கையில் ஊத்தா, கச்சா, கொசுவலை, வேட்டி, வெறும் கூடை. ஊத்தா என்பது அடிப்பக்கமும் மேல்பக்கமும் திறந்த மூங்கில் கூடு. சேற்றில் பட்டென்று கவிழ்த்து, மேல் வாய் வழியாகக் கையை விட்டு மீனைத் துழாவி எடுக்க வேண்டும். சாமி கும்பிட்டு, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுவார். அவ்வளவுதான்! கரை முழுவதும் ஒரே பாய்ச்சலாகத் தண்ணீருக்குள் இறங்கும்.

இங்கிலாந்து விசிலுக்கும் இந்தத் துண்டுக்கும் வேலை ஒன்றுதான்: யாரும் முந்தக் கூடாது. ஆனால் இங்கே கட்டணம் இல்லை, எண் இல்லை, பரிசும் இல்லை. பிடித்த மீன் பிடித்தவருக்கே. அதை விற்கக் கூடாது என்பது பழைய வழக்கம். வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிட்டால் அடுத்த வருஷம் நல்ல மழை பெய்யும், வெள்ளாமை கொழிக்கும் என்பது நம்பிக்கை. அன்று மாலை ஊரில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் மீன் குழம்பு வாசனைதான்.

குத்தகை நுழைந்த கண்மாயில் இந்தத் துண்டுக்கு இடமில்லை. ஏலம் எடுத்தவர் சும்மா விடுவாரா? இருந்தும் இரண்டுக்கும் இடம் உண்டு. பெரிய மீனை வலை போட்டு வாரிய பிறகு, மிச்சத் தண்ணீரில் கிடக்கும் கெண்டைப் பொடியும் கெளுத்தியும் குத்தகைக்காரருக்கு வலைக்கூலிக்குக்கூடக் கட்டாது. அந்த ஒரு நாள் ஊருக்கு விட்டால் அவருக்கு நஷ்டமில்லை. மதகில் உட்கார்ந்த பையனுக்கும் தூண்டில் போட ஓர் இடம் கிடைக்கும்.

இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. ஏல நிபந்தனையில் ஒரு வரி சேர்த்தால் போதும்: கடைசி வலைக்குப் பிறகு ஒரு நாள் குளம் ஊருக்கு. அதை எழுதச் சொல்லிக் கேட்கும் இடம் கிராம சபை. வருஷத்தில் பல நாள்கள் அது கூடுகிறது. மே 1-ஆம் தேதியும் அவற்றில் ஒன்று. தஞ்சைக் குளங்களில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றியிருக்கும் சமயம்.