ஓயச் சொல்லும் மூலக்கூறுகள்

எல்.சி.எம்.வி. என்பது சுண்டெலிகளில் வாழும் வைரஸ். அதன் ஆர்ம்ஸ்ட்ராங் ரகத்தை ஆய்வக எலிக்குச் செலுத்தினால், எட்டுப் பத்து நாளில் நோய் எதிர்ப்புப் படையின் டி செல்கள் அதை ஒழித்துவிடுகின்றன. அதே ரகத்திலிருந்து பிரிந்து வந்ததுதான் குளோன் 13. முக்கியமான வேறுபாடு இரண்டே அமினோ அமிலங்கள். டி செல்கள் இனம்காணும் புரதத் துண்டுகள்கூட மாறவில்லை. ஆனாலும் குளோன் 13 மாதக்கணக்கில் உடலில் குடியிருக்கிறது.

அடையாளம் தெரிந்த எதிரியிடம் டி செல்கள் ஏன் தோற்கின்றன? அவை எல்லாமே செத்துப்போவதில்லை. வைரஸைச் சரியாகக் கண்டுகொள்ளும் டி செல்கள் உயிரோடிருந்தும் வேலை செய்யாமல் நிற்பதை 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்நிலைக்கு டி செல் களைப்பு என்று பெயர்.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில், ஹைதராபாத்தில் பிறந்த ரஃபி அகமதின் குழு, களைத்த செல்களின் மேல் பிடி-1 என்னும் ஏற்பி மிகுந்திருப்பதை 2006-இல் அறிவித்தது. அதன் வழியே வரும் சமிக்ஞையை ஆன்டிபாடியால் மறித்ததும் அச்செல்கள் மீண்டும் பெருகின, வைரஸ் குறைந்தது. அதே ஆண்டில் வேறு இரு குழுக்கள் இன்டர்லூக்கின்-10 என்ற சமிக்ஞைப் புரதத்தைத் தடுத்துப் பார்த்தன. எலிகள் வைரஸை ஒழித்தன. ஆக, டி செல்கள் வெறுமனே சக்தி தீர்ந்து விழவில்லை. ஓயும்படி அவற்றுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது, அதுவும் சொந்த உடலிலிருந்தே.

இன்டர்ஃபெரான் கதை இன்னும் விந்தையானது. வைரஸ் நுழைந்ததும் முதலில் எச்சரிக்கை எழுப்பும் புரதங்களில் ஒன்று அது. 2013-இல் இரு குழுக்கள் குளோன் 13 தொற்றிய எலிகளில் முதல் வகை இன்டர்ஃபெரானின் ஏற்பியை மறித்தன. எதிர்பார்த்தபடி, தொடக்கத்தில் வைரஸ் கூடியது. பிறகு, மறிக்கப்படாத எலிகளைவிட விரைவாக அது கட்டுக்குள் வந்தது! தொடக்கத்தில் காக்கும் சமிக்ஞை, நீண்டு ஒலிக்கும்போது பிடி-1-இன் துணைப் புரதத்தையும் இன்டர்லூக்கின்-10-ஐயும் கூட்டி, டி செல்களை அடக்கிவிடுகிறது.

உடல் ஏன் தன் படையைத் தானே அடக்க வேண்டும்? பிடி-1-உடன் இணையும் அந்தத் துணைப் புரதம் இல்லாமல் பிறந்த எலிகளுக்குக் குளோன் 13-ஐச் செலுத்தியபோது விடை தெரிந்தது. கட்டுப்பாடற்ற டி செல்கள் சொந்தத் திசுக்களையே சிதைத்தன, எலிகள் இறந்தன. இந்தச் சோதனையைப் படித்த பிறகு, களைப்பை வெறும் தோல்வி என்று என்னால் நினைக்க முடியவில்லை. வைரஸோடு வாழ்ந்தாவது உயிர் தப்ப, உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது.

அடக்கும் குரல்கள் மட்டுமல்ல, தாங்கும் குரலும் உண்டு. உதவி டி செல்கள் சுரக்கும் இன்டர்லூக்கின்-21 கிடைக்காவிட்டால், கொல்லும் டி செல்கள் நீண்ட தொற்றில் நிலைப்பதில்லை என்று 2009-இல் மூன்று குழுக்கள் காட்டின. 2016-இல் மற்றொன்றும் தெரியவந்தது. பிடி-1-ஐ மறிக்கும்போது களைத்த செல்கள் எல்லாமே எழுந்துவிடுவதில்லை. டிசிஎஃப்-1 என்ற புரதத்தைத் தாங்கி, மண்ணீரல் போன்ற நிணநீர் உறுப்புகளில் ஒதுங்கியிருக்கும் ஒரு சிறு கூட்டமே பெருகிப் புதிய படையைத் தருகிறது.