கடைசி வரிசையின் அரைத்தாளம்

செந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளி மாணவி எழுதிய கடிதம் இரண்டு வாரமாக என் மேசையில் கிடக்கிறது. சினிமாப் பாட்டில் ஐம்பது பேர் ஆடினாலும் ஒரே உடம்பு போல ஆடுகிறார்களே, எங்கள் விளையாட்டு விழாக் கூட்டு நடனத்தில் மட்டும் கடைசி வரிசை எப்போதும் பிந்துவது ஏன் என்று கேட்டிருக்கிறார்.

பயிற்சியைப் பற்றி நடன மாஸ்டர்கள்தான் எழுத வேண்டும். ஆனால் கடைசி வரிசை என்றதும் எனக்குப் பழைய கணக்கு ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. ஆறாம் வகுப்பில் நானும் அதே வரிசைதான். மைதானம் முழுக்கப் பிள்ளைகள்; முன்கோடியில் ரேடியோ செட்காரர் கட்டிய ஒரே ஒரு புனல் ஸ்பீக்கர். ஒத்திகைக்கு ஒத்திகை நான் பிந்துகிறேன் என்று திட்டு விழுந்தது. கடைசியில் ஆட்டத்திலிருந்து தூக்கித் தண்ணீர்க் குடத்தருகே நிறுத்திவிட்டார்கள். எனக்கோ தாளம் காலில் அச்சாக இருந்தது. ஸ்பீக்கர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆசிரியர் கண்ணுக்கு நான் பிந்தியதும் நிஜம். இருவர் சொன்னதும் சரி என்பது எனக்கு இருபது வருடம் கழித்து, ஆலத்தியூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் புரிந்தது.

1997இல் சிமென்ட் ஆலை வந்ததிலிருந்து வெடிச் சத்தம் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் பழகிப்போன ஒன்று. தள்ளி நின்று பார்த்தால் முதலில் புழுதி எழும்பும். அப்புறம் காலடியில் ஒரு நடுக்கம். அதற்கும் பிறகுதான் 'டொம்'. வெடித்தது ஒருமுறைதான், கண், கால், காது என்று மூன்று வாசல் வழியாக மூன்று தரம் வந்து சேர்கிறது. நம் ஊர் வெயிலில் காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். புழுதிக்கும் சத்தத்துக்கும் இரண்டு நொடி இடைவெளி என்றால் வெடித்த இடம் 700 மீட்டர் தள்ளி. அப்படியானால் ஸ்பீக்கரிலிருந்து 70 மீட்டர் தள்ளி நின்ற ஆறாம் வகுப்புப் பையனுக்குப் பாட்டே ஐந்தில் ஒரு பங்கு நொடி தாமதமாகத்தான் வந்திருக்கும். வேகமான பாட்டுக்கு அது ஏறக்குறைய அரைத்தட்டு.

இனி சினிமாவுக்கு வருவோம். பாட்டை முதலிலேயே பதிந்துகொண்டு, படப்பிடிப்பில் ஒலிக்கவிட்டு அதற்கு வாயசைக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்த கதை. 1931இல் 'காளிதாஸ்' வந்த காலத்தில் இந்த வசதி கிடையாது. நடிகர்களே பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் கேமரா கண்ணில் படாமல் ஒளிந்து வாசிப்பார்கள். 1938இல் ஏ.வி.மெய்யப்பனின் 'நந்தகுமார்' படத்துக்கு லலிதா வெங்கட்ராமன் பாடியதைத்தான் தமிழின் முதல் பின்னணிப் பாட்டு என்பார்கள். அதன் பிறகு வாத்தியக்காரர்கள் மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார்கள். அந்த இடத்துக்கு ஸ்பீக்கர் வந்தது.

பாட்டை ஓடவிட ஒரு நல்ல நாடா இயந்திரமும் வந்தது: 'நாகரா'. போலந்தில் பிறந்த ஸ்டெஃபான் குதெல்ஸ்கி 1951இல் சுவிட்சர்லாந்தில் செய்தது. போலிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்கு 'பதிவு செய்யும்' என்று பொருள். நம் ஆட்கள் அதைப் பாட்டு ஓடவிடுவதற்கே பேராக்கிவிட்டார்கள். மோட்டார் தடுமாறினால் பாட்டின் வேகம் மாறும். அன்று எடுத்த காட்சி வீண். அதற்காகப் பாட்டோடு ஒரு சீரான துடிப்பையும் நாடாவில் பதிந்துவைப்பார்கள். முந்திரிக் கன்று நடும்போது முடிச்சுப் போட்ட கயிறு பிடிப்போமே, அந்த முடிச்சுகள் மாதிரி. துடிப்பை எண்ணிக்கொண்டே இயந்திரம் வேகத்தைச் சரிசெய்துகொள்ளும்.

இயந்திரம் இவ்வளவு ஒழுங்காக இருந்தும் ஸ்பீக்கருக்கும் ஆடுபவர் காதுக்கும் நடுவே வெறும் காற்று கிடக்கிறதே! படம் நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு ஃபிரேம் நேரத்தில் ஒலி சுமார் 48 அடிதான் போகும். அதாவது 48 அடி தள்ளி நிற்பவரின் உதடு ஒரு ஃபிரேம் பிந்தும். 96 அடி என்றால் இரண்டு. பிறகு மூலப் பாட்டைப் படத்தோடு சேர்க்கும்போது உதட்டை விடச் சத்தம் முந்திக்கொள்ளும். நமக்கு ஆகவே ஆகாதது இதுதான். சத்தம் பிந்தி வருவதைச் சுரங்கம், இடி, தூரத்து ஆற்றில் துணி துவைப்பவர் என்று பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய மூளை மன்னித்துவிடும். முந்தி வருவதை இயற்கை ஒருநாளும் நமக்குக் காட்டியதில்லை. ஒளிபரப்புத் துறையின் சர்வதேசப் பரிந்துரையிலும் இந்த ஓரவஞ்சனை உண்டு: சத்தம் 125 மில்லி நொடி பிந்தினால்தான் நமக்கு உறுத்தும், முந்தினாலோ 45 மில்லி நொடியிலேயே உறுத்திவிடும். ஏறக்குறைய ஒரு ஃபிரேம்.

ஒருவர் மட்டும் ஆடினால் எடிட்டர் அந்த ஷாட்டை ஒரு ஃபிரேம் நகர்த்திச் சரிசெய்துவிடுவார். கூட்டமாக ஆடும்போது முன்வரிசைக்கு நகர்த்தினால் பின்வரிசை கெடும். முன்னால் ஆடுபவரைப் பார்த்து ஆடலாமே என்றால், பார்த்ததற்கு உடம்பு பதில் சொல்லவே ஏறக்குறைய கால் நொடி ஆகிவிடும். 1998இல் 'உயிரே' படத்துக்கு நீலகிரி மலை ரயிலின் கூரை மேல் பரா கான் ஆடவைத்த பாட்டை எப்போது பார்த்தாலும் என் கண் நாயகனை விட்டுவிட்டுக் கடைசிப் பெட்டிக்கே போகும். வியாதிதான்.

இதில் இன்னொரு வேடிக்கை மெதுவோட்டக் காட்சி. சேலைத்தலைப்பு மெல்ல அலையும். உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்தும். நொடிக்கு 48 ஃபிரேம் எடுத்து, பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிடுவார்கள். நாடாவில் அப்படி ஓடினால் குரல் ஒரு ஸ்தாயி ஏறி அணில் கத்துவது போல் இருக்கும். அந்தக் கீச்சுக்கு முகத்தில் உருக்கம் குறையாமல் காதல் செய்ய வேண்டும்! காற்றின் கணக்கும் இங்கே இரட்டிக்கும். 24 அடி தள்ளி நின்றாலே ஒரு ஃபிரேம் போய்விடும்.

மருந்து எளிது. மின்சாரத்துக்கு இந்தத் தாமதம் கிடையாது, ஆகவே ஒயரை இழுத்து ஸ்பீக்கரை ஆடுபவர்கள் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். எங்கள் ஊர்த் திருவிழாக்களில் இதற்குச் செய்வது என்னவென்றால், சத்தத்தைக் கூட்டுவது. எவ்வளவு கூட்டினாலும் ஒலி சீக்கிரம் வந்துவிடாது. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை எழுந்துவிடும், அவ்வளவுதான். பின்வரிசைப் பிள்ளையையும் பாதியில் தூக்கிவிடுவோம். சினிமாவிலும் பின்வரிசைக்காரர் பெயர் யாருக்குத் தெரியும்? நாகரா ஓட்டியவர் பெயரை டைட்டிலில் தேடித் தேடி நான் கண்டதில்லை.

போன திருவிழாவில் ரேடியோ செட்காரரிடம் சொல்லிப் பின்வரிசைக்கு இன்னொரு ஸ்பீக்கர் கட்டவைத்தேன். கடைசி வரிசை கச்சிதமாக ஆடியது. முன்வரிசைப் பிள்ளைகள் ஓடிவந்து, "பாட்டு ரெண்டு ரெண்டா கேக்குது" என்றார்கள். "சார், நீங்க போய் உக்காருங்க" என்று செட்காரர் முன்னால் இருந்ததை அவிழ்த்து, இரண்டையும் நடுவரிசைக்கு இருபக்கமும் கட்டினார். அவருக்கு 350 மீட்டர் கணக்கு தெரியாது.

கடிதம் எழுதிய பெண்ணே, உங்கள் பள்ளியில் ஸ்பீக்கர் எங்கே இருந்தது, கடைசி வரிசை அதிலிருந்து எத்தனை எட்டு? எண்ணிப் பார்த்து எழுதம்மா.